பாத் அட்டாச்டு

"இண்ணைக்கு எந்த ஊருக்குப் போவணும்?" என்று முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்கிறார் நேசையன். கார் ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. மணி காலை ஆறே முக்கால். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். அவர் மடியில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று இருக்கிறது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு புரட்டத் தயாராக இருக்கிறார்.

"கடல் உள்ள ஊராச் சொல்லுங்க அண்ணாச்சி," என்கிறார் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரஹீமா பீவி. தேராவில் ஒரு லேடீஸ் தையல் கடையில் துணி வெட்டுகிறவர்.

"அப்பம் பிரைட்டன். மொதல்ல அது வெறும் மீன்பிடிக்கிற ஊராம். டாக்டர் ஒருத்தரு கடல்தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு புஸ்தகம் எழுதினாராம். குளிச்சா மட்டும் போராதாம், குடிக்கவும் செய்யணுமாம். அதுவரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்காத பெரிய மனுசரெல்லாம் குதிரவண்டி கட்டிட்டு வந்தாவளாம். பொறவு ஒரு இளவரசரு வந்தாராம். நம்ம நவாப் அரண்மன மாதிரி குமிழு குமிழா ஒண்ணு கட்டினாராம்." நேசையன் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியில் விரலை வைக்கிறார். குரல் மாறுகிறது. "மீன்காரன் வல காயப்போட்ட எடத்துல வேலி கட்டி, பெரிய மனுசரு நடக்க எடமாக்கினாவளாம். வலக்காரன் எங்க போவான்?"

வண்டி நாலு அடி நகர்கிறது.

நாங்கள் நாலு பேரும் அஜ்மானில் இருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள். துபாயில் ஒரு ரூமுக்குக் கேட்கிற வாடகையில் அஜ்மானில் ஒரு வீடே கிடைக்கும் என்பதால் காலையில் ஒன்றரை மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் ரோட்டிலேயே குடியிருக்கிறோம். இதற்குக் கார் லிப்ட் என்று பெயர். வண்டி மூசாவுடையது. ஆள் ஏற்ற லைசென்ஸ் கிடையாது. போலீஸ் கேட்டால் எல்லாரும் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே மூசா சொல்லிக்கொடுத்த பாடம். காயல்பட்டினத்து மூசாவுக்கும் ரஹீமாவுக்கும் அது ஒருவேளை பொருந்தும். குளச்சல் பக்கத்து நேசையனும் தூத்துக்குடி நர்ஸான நானும் எப்படிச் சொந்தம் என்று இதுவரை எந்தப் போலீஸும் கேட்கவில்லை.

நேசையனுக்கு ஐம்பத்தொரு வயது. தேராவில் எங்கள் கிளினிக் இருக்கிற அதே கட்டடத்தில், இரண்டாம் மாடி டிராவல்ஸில், இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் போடுகிறார். சாப்பாட்டுப் பையில் சோற்றுப் பாத்திரத்துக்கு மேலே முடிச்சுப் போட்ட டை ஒன்று சுருண்டிருக்கும். தேரா மணிக்கூண்டு தெரிந்ததும் அதை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொள்வார். அந்த முடிச்சை அவர் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. அதில் எப்போதும் லேசாக மீன்குழம்பு வாசம் வரும். அரபிகளும் பம்பாய்க்காரர்களும் அந்த டையைப் பார்த்து நம்பித்தான் கோடை விடுமுறைக்கு லண்டன் போகிறார்கள்.

அவர் வேலை பிரிட்டன் டெஸ்க். ஆயிரக்கணக்கான பேரை அங்கே அனுப்பியிருக்கிறார். அவர் போனதில்லை. குளச்சல், திருவனந்தபுரம் ஏர்போர்ட், துபாய், அஜ்மான், ஒரு தடவை ஓமனில் சோஹார் வரைக்கும் மச்சினனைப் பார்க்க: இவ்வளவுதான் அவர் பார்த்த உலகம்.

அதனால்தான் அந்த 'ஆம்'. அவர் ஊர்ப்பக்கம் ஒரு விஷயத்தை நேரில் அறிந்தவர்கள் 'ஆக்கும்' போட்டு முத்திரை குத்துவார்கள். "எனக்க அம்ம வைக்கிற அவியலு, அது அவியலாக்கும்," என்பார் நேசையன். அஜ்மான் மீன் மார்க்கெட்டைப் பற்றி ஆக்கும், மூசாவின் பிரேக்கைப் பற்றி ஆக்கும். பிரிட்டனைப் பற்றி மட்டும் எதைச் சொன்னாலும் கடைசியில் ஓர் 'ஆம்' ஒட்டிக்கொள்ளும். மழை பெய்யுமாம், கல் மஞ்சளாம், பஸ் சொன்ன நேரத்துக்கு வருமாம். "ஒரு தடவையாவது ஆக்கும் போடுங்களேன் அண்ணாச்சி, யாரு வந்து பாக்கப் போறா?" என்று மூசா சீண்டுவான். "பாக்காதத பாத்த மாதிரி சொல்லப்படாது பிள்ளே," என்பார் அவர். மனுஷனுக்கு அதில் ஒரு பிடிவாதம் உண்டு.

அந்த நீல நோட்டிலும் அதே பிடிவாதம்தான். லண்டன் போய்த் திரும்பிய கஸ்டமர் யார் வந்தாலும் விடமாட்டார். டீ சொல்லி உட்காரவைத்து விசாரிப்பார். படி எத்தனை, கடை எத்தனை மணிக்கு அடைத்தான், தண்ணீர் எப்படி இருந்தது. ஒவ்வொரு தகவலையும் எழுதி, பக்கத்தில் சொன்னவர் பெயரையும் வருடத்தையும் குறிப்பார். 'பிளாக்பூல்: காற்றில் புடவை நிற்காது. மிஸஸ் குல்கர்னி, 1997.' 'யார்க்: தெரு இரண்டு ஆள் அகலம். டாக்டர் ஹமீத், 2001.' நோட்டில் எங்கேயும் அவர் பெயர் இல்லை. முதல் பக்கத்தில்கூட 'பிரிட்டன்' என்று மட்டும் இருக்கிறது.

ஊர்கள் எப்படிப் பேர் எடுக்கின்றன என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு உண்டு. "ஊரு தானாப் பேரு எடுக்காதாம் சிஸ்டரு. மொதல்ல ஒரு வியாதி வேணுமாம். பொறவு ஒரு ரெயிலு. பொறவு ஒரு லீவு." வியாதிக்கு உதாரணம் பாத் என்கிற ஊர். பூமியிலிருந்து வெந்நீர் வருகிற இடம். ரோமாபுரிக்காரர்கள் குளம் கட்டினார்கள். பின்னால் ஒரு ராணி வைத்தியத்துக்கு வந்தார். ராணி வந்ததும் வியாதி இல்லாதவர்களும் வந்தார்கள். ரெயிலுக்கும் லீவுக்கும் பிளாக்பூல். வருடத்தில் ஒரு வாரம் மில்லை மூடுவார்கள். ஊர் மொத்தமும் ரெயில் ஏறிக் கடற்கரைக்குப் போய்விடும். சாப்பாட்டுச் சாமானையும் கொண்டுபோய்த் தங்குகிற வீட்டம்மாவிடம் கொடுத்துச் சமைக்கச் சொல்வார்கள். "நம்ம லேபர் கேம்ப்புக்காரன்தான், பாத்துக்கிடுங்க," என்பார். பிறகு பிளேன் டிக்கெட் விலை இறங்கவும் ஜனங்கள் வெயிலைத் தேடி ஸ்பெயினுக்குப் போய்விட்டார்கள், கடற்கரை ஊர்கள் காய்ந்தன. இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் அந்த ஊர்களில் அவருக்கு வீடு இருந்ததோ என்று தோன்றும்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தவை கிராமங்கள்தான். கம்பளி வியாபாரத்தில் செழித்து, வியாபாரம் படுத்ததும் அப்படியே நின்றுபோன கல் வீடுகள். "இடிச்சுப் புதுசு கட்டக் கையில ஒண்ணுமில்லாமப் போச்சாம். அதனால அழகாப் போச்சாம்." இந்த வரியைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக ஷார்ஜாவில் இடித்துக் கட்டுகிற கட்டடங்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். நாங்களும் பார்ப்போம்.

போன ஜூன் மாதம் அவருக்கு ஒரு யோகம் வந்தது. அவர்கள் தொழிலில் ஃபேம் ட்ரிப் என்று ஒன்று உண்டு. டிக்கெட் விற்கிறவர்கள் ஊரை நேரில் பார்த்தால் நன்றாக விற்பார்கள் என்று அந்த நாட்டுக்காரர்களே செலவு போட்டுக் கூட்டிப்போவார்கள். அவர்கள் ஆபீசுக்கு ஒரே ஒரு இடம். மேனேஜர் பத்மா மேடம் நேசையன் பெயரை எழுதிவைத்துவிட்டார். ஜூலை கடைசித் திங்கட்கிழமை பெயரை அனுப்ப வேண்டும். விஷயம் தெரிந்த அன்று காரில் அவர் எந்த ஊருக்கும் எங்களைக் கூட்டிப்போகவில்லை. "ஆறு நாளு," என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். ரஹீமா சாக்லேட் கொடுத்தார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது என்னவோ நான்தான் என்கிற மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் மாயாண்டி போன் செய்தார்.

மாயாண்டி முதுகுளத்தூர்க்காரர். சாரம் கட்டுகிற தொழிலாளியாக வந்து, இன்று ஜெபல் அலியில் முந்நூறு பேரை வைத்துச் சாரம் கட்டுகிற காண்டிராக்டர். அந்த முந்நூறு பேரின் லீவு டிக்கெட்டும் அஞ்சு வருடமாக நேசையன் ஆபீசில்தான் போடுகிறார்கள்; வரும்போதெல்லாம் அவருக்கும் கொஞ்சம் பிரிட்டன் கதை கிடைக்கும். அவர் மனைவி உமாராணியை லண்டனுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். சைட்டில் டிரில் சத்தத்துக்கு நடுவே நின்று போனில் சொன்னது இது: "லண்டன் டிக்கெட் போடுங்கண்ணே. அஞ்சு நாளு. பாத்து கண்டிப்பா வேணும். அஞ்சு நாளும் பாத்து இருக்கணும். வீட்டுக்காரிக்கு முட்டுவலி, தூரமா நடக்க மாட்டா."

வேறு யாராவது கேட்டிருந்தால் அந்த நிமிஷமே புரிந்திருக்கும். கேட்டவர் நேசையன். இருபத்திரண்டு வருடத்தில் எல்லாரும் லண்டன் லண்டன் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். முட்டுவலிக்காகப் பாத் என்கிற ஊரைத் தானாகக் கேட்ட முதல் மனிதர் மாயாண்டி. அன்று காரில் நோட்டைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "சாரம் கட்டுகவருக்குத் தெரிஞ்சிருக்கு சிஸ்டரு. முட்டுவலிக்கு எங்க போவணும்னு." அந்த ஊரிலேயே நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய வீடு ஒன்றில் ரூம் போட்டார். பழமை கெடாமல் வைத்திருக்கிறார்களாம். ஏர்போர்ட்டில் இருந்து நேராக அங்கே கொண்டுபோய் விட வண்டியும் ஏற்பாடு செய்தார். வவுச்சரில் 'பாத்' என்று பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்து மாயாண்டிக்கும் திருப்தி.

பத்து நாள் கழித்து, மாலை ஆறு மணிக்கு, நாங்கள் வீடு திரும்பும் வழியில் நேசையனின் மொபைல் அடித்தது. அவர் காதில் வைத்ததும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அதனால் கார் முழுக்கக் கேட்டது.

"என்னண்ணே ஊரு இது? ரெண்டு மணி நேரமா கார்ல வர்றேன், லண்டன் பெரிய ஊருபோலன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். டிரைவர்கிட்ட கேட்டா லண்டன் அந்தாப் பக்கம்ங்கிறான்."

"நீங்க பாத்து வேணும்னு..."

"ரூம்ல பாத்து வேணும்னேன்ணே. பாத் அட்டாச்டு. இங்க என்னடான்னா ஊரே பாத்து, ரூம்ல பாத்து இல்ல. நடையில கடைசி வரைக்கும் போயி, ஆறு படி எறங்கணும். முட்டுவலிக்காரி போவாளா? பேர ஊருக்கு எழுதிவச்சுப்புட்டு பைப்ப எங்கண்ணே வச்சிருக்கான்?"

மூசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெரிசலில் நின்ற வண்டியின் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் நேசையனின் பின்கழுத்து வேர்த்திருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"வேற ரூமு பாக்கேன்," என்றார் நேசையன்.

"சீசனாம், எங்கயும் இல்லையாம், கேட்டுட்டேன். நான் வந்து மேடத்துகிட்டயே பேசிக்கிறேன்." போன் வைக்கப்பட்டது.

அஜ்மானில் இறங்கும்போது, "அவரு கேட்ட பாத்து வேற பிள்ளே," என்று மூசாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நோட்டை சீட்டிலேயே விட்டுவிட்டார். நான்தான் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவரே பத்மா மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பத்மா பம்பாயில் வளர்ந்தவர், கணக்காகப் பேசுவார். "பேரை எழுதிட்டேன் நேசையன், அடிக்கல. ஆனா மாயாண்டி நமக்கு முந்நூறு டிக்கெட். அவர் வந்து என்ன சொல்றார்னு பார்த்துட்டுத்தான் அனுப்புவேன். அவர் இதை கம்ப்ளெயின்டா எழுதிக் கொடுத்தா என்னால முடியாது," என்றாராம். மாயாண்டி சனிக்கிழமை திரும்புகிறார். பெயர் திங்கட்கிழமை போக வேண்டும். இடையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ஊருக்குப் போகும் டிக்கெட்டைப் பற்றி விசாரிக்க வேண்டியிருந்தது. பாதி உண்மைதான். நான் உள்ளே போனபோது நேசையன் டையைச் சரிசெய்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டடத்தில் லிப்ட் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. முட்டுவலியோடு அந்த அம்மாள் வேறு வந்தால் கோபம் இன்னும் ஏறும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாயாண்டிக்கு முன்னால் உமாராணி வந்தார். இரண்டு மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்கவில்லை. நேராக நேசையன் முன்னால் உட்கார்ந்து, "அந்தத் தண்ணிய நீங்க குடிச்சிருக்கீகளா?" என்று கேட்டார்.

"எந்தத் தண்ணி?"

"அந்த ஊரு வெந்நித் தண்ணி. பெரிய மாளிகைக்குள்ள வச்சு கிளாஸ்ல குடுக்குறாக. முட்ட அவிச்ச தண்ணி மாதிரி ஒரு வாசம். இவுக வேணாம்னாக. முட்டுக்கு நல்லதுன்னு ஒரு ராணி காலத்துல இருந்து குடிக்கிறாகளாம்னு அங்க ஒரு அம்மா சொன்னாக. மூணு நாளு குடிச்சேன். பாருங்க, உங்க மாடியெல்லாம் ஏறி வந்திருக்கேன்."

நான் நர்ஸ். மூன்று கிளாஸ் தண்ணீரில் முட்டு சரியாகும் என்று சொன்னால் என் சர்டிபிகேட்டைப் பிடுங்கிவிடுவார்கள். பாத் மேடும் பள்ளமுமான ஊர் என்று நோட்டிலேயே இருக்கிறது. அஞ்சு நாள் ஏறி இறங்கி, ராத்திரி பகல் பாராமல் ஆறு படி இறங்கிக் குளியலறைக்குப் போய்வந்ததில் கால் ஓடத் தொடங்கியிருக்கும். ஆனால் அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

மாயாண்டி பத்மா மேடத்தின் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. "மொத நாளு எனக்கு வந்த கோவத்துக்கு இந்தாள வேலைய விட்டே தூக்கச் சொல்லியிருப்பேன்," என்று ஆரம்பித்தார். நேசையன் எழுந்து நின்றார். "ரோமாபுரிக்காரன் கட்டுன குளமாம். டிக்கெட் வாங்கி உள்ள போனா தண்ணியத் தொடாதேன்னு போர்டு. குளிக்கத் துண்டு எடுத்துட்டுப் போனேன் மேடம், தோள்ல போட்டுக்கிட்டே திரும்பி வந்தேன்." பத்மா மேடம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். "மறுநாளு பாத்தா, வளைவா ஒரு தெரு, அரை நிலா மாதிரி முப்பது வீடு. அதுல ஒரு வீட்டுக்குச் சாரம் கட்டியிருந்தான். கிட்டப் போயி கிளாம்ப்பத் தட்டிப் பாத்தேன். மேல இருந்து ஒருத்தன் என்னடான்னான். நானும் இதே வேலதான்னு கையக் காட்டுனேன். எறங்கி வந்துட்டான். டீ குடுத்தான். ரெண்டு மணி நேரம் பேசுனோம், அவன் பாஷ எனக்குப் புரியல, என் பாஷ அவனுக்குப் புரியல. அந்தக் கல்லுல ஒரு கீறல் விழாமச் சாரம் கட்டுறான் மேடம். லண்டன்ல போயி மணிக்கூண்டப் பாத்திருந்தா இதப் பாத்திருப்பனா?"

பிறகு நேசையன் பக்கம் திரும்பினார். "செப்டம்பர்ல என் மச்சினன் குடும்பம் போகுது. அவன் பொண்டாட்டிக்கும் முட்டுவலி. எங்க கேம்ப்ல சூப்பர்வைசர் ஜெயசீலனும் கேட்டுக்கிட்டிருக்கான், அவன் அம்மாவுக்கு. அதே ஊருதான். ஆனா ஊரும் பாத்தா இருக்கணும், ரூம்லயும் பாத்து இருக்கணும். எழுதிக்கங்க."

நேசையன் எழுதவில்லை. நோட்டு என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் முதலில் உமாராணியின் பக்கம் திரும்பி, "முட்ட அவிச்ச வாசம்னு சொன்னியளா? சூடா இருந்தா, வெதுவெதுப்பா?" என்று கேட்டு எழுதினார். மாயாண்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்க எத்தன தடவ அங்க போயிருக்கீகண்ணே?"

"போனதில்ல."

"போகாமயா அஞ்சு வருசமா எனக்கு இம்புட்டுச் சொன்னீக?"

"போனவிய சொன்னதச் சொல்லுவேன். அதாக்கும் எப்பமும் ஆம் போடுகது," என்றார் நேசையன். தப்புச் செய்தவர் மாதிரி அல்ல, கேட்டதற்குப் பதில் சொல்கிறவர் மாதிரி.

மாயாண்டி பத்மா மேடத்தைப் பார்த்தார். பத்மா மேடம் டிராயரிலிருந்து நேசையன் பெயர் எழுதிய தாளை எடுத்து ஃபேக்ஸ் மெஷினை நோக்கி நடந்தார். அது உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தத்தை நான் டிக்கெட்டைப் பற்றி எதுவும் விசாரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் நேசையன் போனார். அந்த ஆறு நாளும் எங்கள் காரில் எந்த ஊரும் இல்லை. மூசா ரேடியோவைப் போட்டான், பிறகு அணைத்துவிட்டான். இதற்குள் ஜெபல் அலியிலிருந்து முட்டுவலிக்கு டிக்கெட் கேட்டு ஏழு போன் வந்துவிட்டதாக ஆபீசில் சொன்னார்கள். அதில் ஒருவர் கேட்ட ஊர் 'அட்டாச்டு பாத்'. அப்படி ஓர் ஊர் இருப்பதாகவே அவர் நம்பியிருந்தார்.

போன சனிக்கிழமை காலையில் நேசையன் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அதே டை, அதே சாப்பாட்டுப் பை. வழக்கம்போல் நோட்டு மடியில். ஆனால் எந்த ஊருக்குப் போவணும் என்று கேட்கவில்லை. நோன்பு மாதம், ஆபீஸ் எல்லாம் தாமதமாகத் திறப்பதால் ரோடு காலியாகக் கிடந்தது. வண்டி எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

மூசாவால் பொறுக்க முடியவில்லை. "பாத்தப் பாத்தியளா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

ரஹீமா முன்னால் சாய்ந்தார். "அந்தத் தண்ணி முட்டை வாசம் அடிக்குமாமே?"

"முட்ட அவிச்ச வாசமாக்கும்," என்றார் நேசையன்.

ரஹீமா என் கையைப் பிடித்தார். நேசையன் நோட்டைப் புரட்டினார். 'தண்ணீர்: முட்டை அவித்த வாசம், வெதுவெதுப்பு. உமாராணி, 2005' என்ற வரியில் விரலை வைத்தார். பேனாவுக்காகப் பின்னால் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"ஓரமா நிறுத்து பிள்ளே," என்றார் மூசாவிடம். "எழுத்து கோணலாப் போவப்படாது."

காலி ரோட்டை வீணாக்காத மூசா வண்டியை ஓரம்கட்டி இன்ஜினையும் அணைத்தான். நேசையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உமாராணியின் பெயருக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினார்.